நூற்று இருபத்தொரு தோல்விகளில் ஒன்று குறைவு

அந்த எண்ணம் என் தலைக்குள் வந்ததற்கும் வாயால் வெளியே போனதற்கும் இடையில் ஒரு விநாடிகூட இருக்கவில்லை. மார்ச் மாதம். சுவிஸில், ஓல்டன் நகரத்தில் அக்கா வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பின்பக்கத்து வாங்கில் அவள் இருந்தாள். அவளுக்கு அரை மணி நேர மதிய இடைவேளை. மடியில் புட்டுப் பெட்டியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே கதைத்தேன். இருந்து கதைக்கப் பொறுமை இருக்கவில்லை.

விஷயம் இதுதான். நான் ஓல்டனில் படித்துக்கொண்டிருந்த வணிகப் படிப்பை விட்டுவிட்டு, பேர்ணில் ஒரு சிறிய வானொலியின் விளையாட்டுப் பிரிவில் ஒரு வருடப் பயிற்சிக்குப் போக விரும்பினேன். நேர்முகம் முடிந்து, இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜனவரியில் தொடக்கம். அக்டோபர் நடுப்பகுதிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

தடை அப்பா. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களை அவரிடம் யாரும் நேரே கொண்டுபோவதில்லை. அக்காவிடம் சொன்னால் அவள் ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்வாள். அவள் சொன்னால் அவர் கேட்பார். சட்டப் படிப்பை ஒரு பருவத்தோடு நான் விட்டபோதும் அவள்தான் போய்க் கதைத்தாள். ஆசிரியப் பயிற்சியை இரண்டு பருவத்தோடு விட்டபோதும் அவள்தான். இது மூன்றாவது.

"மாட்டன்," என்றாள் அக்கா. "ரெண்டு தரமும் 'இனி எடுக்கிறதை முடிப்பாள் அப்பா' எண்டு சொன்னனான். மூண்டாம் தரம் எந்த மூஞ்சையோட போறது?"

"இது வேறை அக்கா. இது எனக்குப் பிடிச்சது. பேஸ்பால் எண்டால் எனக்கு உயிர். உனக்குத் தெரியுந்தானே?"

"உயிரோ? ஒரு மாட்ச்சை முழுசாப் பாத்திருக்கிறியோ?"

பார்த்ததில்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அனுப்பும் துண்டுப் படங்கள்தான் என் பேஸ்பால். பந்தை வேலிக்கு வெளியே தூக்கும் ஒரு ஹோம் ரன், ஒரு பாய்ந்த பிடி, ஒரு சண்டை. இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் அடுத்ததைத் தட்டிவிடுவேன்.

"பாத்தியோ," என்றாள். "நீ அதிலையும் இறைச்சித் துண்டை மட்டும் பொறுக்கித் தின்னுறனி. சோறு அப்பிடியே கிடக்குது."

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

"ஒரு டீம்," என்றேன். "இந்த வருசம் அவங்கள் ஆடுற எல்லா ஆட்டமும். முதல் பந்திலை இருந்து கடைசிப் பந்து வரைக்கும். ஒண்டுகூட விடமாட்டன். முடிச்சால் நீ அப்பாவோட கதைக்கோணும்."

"எத்தினை ஆட்டம்?"

"நூற்றி அறுபத்திரண்டு."

அக்காவின் கை புட்டோடு நின்றது. "ஒரு டீமோ? ஒரு வருசத்திலையோ? அவங்களுக்கு வேறை வேலை இல்லையோ?"

"அதுதானே அவங்கடை வேலை."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தால் பாதிச் சம்மதம். மீதிச் சம்மதத்துக்கு அவள் தன் வேலையிடத்துச் சட்டங்களைக் கொண்டுவந்தாள். அவளுடைய இல்லத்தில் யார் எப்போது மருந்து எடுத்தார், யார் எத்தனை கோப்பை தண்ணீர் குடித்தார், யாரைத் திருப்பிப் படுக்க வைத்தது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதியவர் பக்கத்தில் தன் சுருக்கெழுத்தைப் போட வேண்டும். அதை அங்கே விசும் என்பார்கள். இப்போது கணினியில் நடக்கும் காரியம்தான். ஆனால் அக்கா தாளில் பழகியவள்.

"கொப்பி ஒண்டு வாங்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். பென்சில் கூடாது. வெள்ளை மை பூசுறேல்லை. பிழை விட்டால் ஒரு கோடு, ஒரே ஒரு கோடு, கீழை என்ன எழுதினனி எண்டு தெரியோணும். முடிவிலை உன்ரை விசும். பாக்காததை எழுதினியோ, சரி, கதை முடிஞ்சுது."

"உனக்குப் பேஸ்பால் விளங்காதே, எப்பிடிச் சரி பாப்பாய்?"

"கிழவிக்கு என்ன வருத்தம் எண்டு எனக்கு விளங்கத் தேவையில்லை. தாள் விளங்கும்."

அன்று மாலையே அணியைத் தெரிவு செய்தேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஒரு கோடைக்காலம் துன் என்ற ஊரில் ஹோட்டலில் கட்டில் விரிக்கும் வேலை செய்தபோது, வேலை முடிந்து ஏரிக்கரையில் காலை நனைத்துக்கொண்டு இருப்பது பிடித்திருந்தது. அமெரிக்க வரைபடத்தில் பெரிய ஏரியொன்றின் கரையில் ஒரு நகரம் இருந்தது. அதற்கு இரண்டு அணிகள். ஒன்றின் உடுப்பு கறுப்பும் வெள்ளையும். அழகாக இருந்தது. முடிந்தது தெரிவு.

முதல் ஆட்டம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். நான் பக்கத்தை எழுதி, விசும் போட்டு, படம் எடுத்துக் கனடாவுக்கு, சித்தப்பாவின் மகனுக்கு அனுப்பினேன். அங்கிருந்து சிரிப்புச் சத்தத்தோடு குரல் பதிவு வந்தது.

"அடியே, முப்பது டீம் இருக்கு. உனக்கு இந்தத் தோல்விக் கூட்டமோ கிடைச்சது? பக்கத்திலை மற்றது நிக்குதே, அதே ஊர்! மாத்து, மாத்து, இப்பவே மாத்து!"

மாற்ற முடியாது. விசும் போட்டாயிற்று.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த விளையாட்டை மூன்று வரியில் சொல்லலாம். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் ஒருதரம் அடிக்கும், மூன்று பேர் அவுட்டானால் முறை முடிந்தது. அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். எழுதுவது இதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு அடிப்பவருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் அவர் எப்படிப் போனார், எங்கே நின்றார், யார் பிடித்தது என்று எண்களும் கோடுகளும். முதல் இரண்டு வாரமும் ஒவ்வொரு பக்கத்திலும் இருபது முப்பது வெட்டுக் கோடுகள் விழுந்தன.

அவர்கள் ஆடும்போது இங்கே நாங்கள் நித்திரை. அதனால் மறுநாள் பதிவைத்தான் பார்த்தேன், முடிவு தெரியாமல். லாங்கன்தாலில் எங்கள் வீட்டிலிருந்து ஓல்டனுக்கு ரயிலில் கால் மணி நேரம். அதற்குள் ஒரு இன்னிங்ஸ்கூட முடியாது. மீதியைப் படிப்பு இடைவேளையில், உணவகத்தில், நூலகத்தில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சலவை அறையில் பார்த்தேன். சலவை அறைக்கு எங்கள் முறை வியாழக்கிழமை. இயந்திரம் சுற்றச் சுற்ற நான்கு இன்னிங்ஸ். ரயில் குலுங்கினால் எண் பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடும். பக்கங்களில் கோப்பி, சலவைத் தூள், ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு.

முதல் இருபத்தைந்து ஆட்டத்தில் மூன்றில் வென்றார்கள். மூன்று. நான் ஏப்ரல் முழுவதும் இருப்புக்கொள்ளாமல் திரிந்தேன். தோல்வியில் துக்கப்படலாம் என்று நினைத்திருந்தேன். துக்கம் வரவில்லை, கால்தான் ஆடியது. இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் இருந்து, ஒருவர் பந்தை எறிவதையும் மற்றவர் அடிக்காமல் நிற்பதையும் பார்ப்பது என்றால் சும்மாவா? அடுத்ததைத் தட்டிவிட விரல் துடித்தது. விரலின் மேல் பேனையை வைத்துக்கொண்டேன்.

அம்மா கொப்பியைச் சமையலறை மேசையில் கண்டாள். கட்டங்கள், எண்கள், கோடுகள். புள்ளியியல் பாடம் என்று அவளாகவே முடிவெடுத்தாள். கோயிலில் சந்தித்தவர்களிடம், "கடைசிப் பிள்ளை இப்பத்தான் ஒழுங்காப் படிக்குது" என்று சொன்னாளாம். நான் திருத்தவில்லை. திருத்தினால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

அப்பா கேட்டது வேறு. அவருக்கு ஓல்டனுக்குப் பக்கத்தில் பொதிகள் பிரிக்கும் பெரிய கிடங்கில் வேலை, அதிகாலை ஷிப்ட். மே மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கையில் தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"இதிலை விக்கெட் எங்கை?"

"இல்லை அப்பா."

"பிறகு அவன் எதைக் காக்கிறான்?"

நான் திரையைக் காட்டினேன். அவர் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது கடைசி இன்னிங்ஸ். என் ஆட்கள் பின்னால் நின்றாலும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றார்கள். ஒருவர் அவுட். இரண்டு பேர் மூலைகளில் ஓடக் காத்து நின்றார்கள். அடிப்பவர் பந்தை நேரே மேலே தூக்கிவிட்டார். இந்த மாதிரிப் பந்துக்கு ஒரு விதி இருக்கிறது: பிடிப்பதற்கு முன்பே நடுவர் அடித்தவரை அவுட் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டார். அதே நேரம் இரண்டாம் மூலைக்குத் திரும்பிய ஓட்டக்காரர் பிடிக்க வந்தவரின் வழியில் நின்றதாக இன்னொரு நடுவர் கை காட்டினார். அவரும் அவுட். மூன்று பேர் ஆயிற்று. ஆட்டம் முடிந்தது.

அப்பா திரைக்குக் கிட்ட வந்தார். "பொறு, பொறு. பந்து இன்னும் மேலைதானே நிண்டது? அதுக்குள்ளை முடிஞ்சுதோ?"

"ஓம் அப்பா. சட்டம் அப்பிடி."

"நல்ல சட்டம்!" என்றார். "விழ முந்தியே தோத்தாச்சு."

அதன்பிறகு கதவைத் திறக்கும்போதே கேட்கத் தொடங்கினார்: "உன்ரை ஆக்கள் இண்டைக்காவது?" நான் தலையை ஆட்டுவேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அவர் "சீ" என்பார். அப்படி ஒரே தோல்வித் தொடரில் பதினான்கு "சீ" வந்தது.

அந்த ஆண்டு அதிசயங்கள் நடக்காமல் இல்லை. எல்லாம் வேறு மைதானங்களில் நடந்தன. கனடாவிலிருந்து துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஜூனில் ஓர் ஆட்டம் மழையால் நடுவில் நின்றது. அப்போது அடிக்க நின்றவர் ஒரு விக்கெட் காப்பாளர் போன்றவர், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிப்பவர். மீதி ஆட்டம் ஆகஸ்டில் நடக்கும் முன் அவரை எதிரணி வாங்கிவிட்டது. ஆகஸ்டில் அதே ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடங்கியபோது, அவருடைய பாதியில் நின்ற முறையை வேறொருவர் வந்து அடிக்க, அவர் பின்னால் இருந்து பிடித்தார். ஒரே ஆட்டத்தில், ஒரே மனிதர், இரண்டு அணிகளுக்கும்! இதைக் கேட்டு நான் வகுப்பில் கத்திவிட்டேன். ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. என் ஆட்களின் தோல்வி ஒன்று முடிக்காமல் கிடந்தது.

இதுதான் என்னைத் தின்றது. உலகத்தின் நல்ல துண்டுகளெல்லாம் அங்கே பறக்க, நான் இங்கே சோற்றுக்கு முன்னால் இருந்தேன்.

ஜூலை பத்தாம் திகதி அளவில் தொடங்கிய தொடர் தோல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் ஐந்து தோல்வியும் வழமைபோல. பத்துக்குப் பிறகு அறிவிப்பாளர்களின் குரல் மாறியது. அவர்கள் வேறு விஷயங்களைக் கதைக்கத் தொடங்கினார்கள், சாப்பாடு, காலநிலை. பதினைந்தைத் தாண்டியபோது என் ஆட்கள் பந்தைப் பார்க்கும் விதமே வேறாக இருந்தது, சூடான சட்டியைப் பார்ப்பதுபோல.

அதற்குள் எங்கள் கோயில் தேர் வந்தது. அன்னதானத்தில் பரிமாறும் வேலையை அம்மா என் பெயரில் ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணியிலிருந்து மாலை வரை வெயிலில் நின்று சோறும் சாம்பாறும் போட்டேன். அடுத்த நாள் கையைத் தூக்க முடியவில்லை. பார்க்க வேண்டிய ஆட்டங்கள் இரண்டு சேர்ந்திருந்தன. முதலாவதைத் திறந்தேன். இரண்டாம் இன்னிங்ஸில் மூடினேன். இணையத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பந்துக்குப் பந்து விபரம் உண்டு. அதைத் திறந்தேன். யார் அடித்தார், யார் பிடித்தார், எல்லாம் வரிவரியாக இருந்தது. அதைப் பார்த்து ஒன்பது இன்னிங்ஸையும் கட்டங்களில் நிரப்பினேன். இருபத்தைந்து நிமிடம். அடியில் விசும் போட்டேன்.

பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. தோல்வி, எல்லா எண்களும் சரியான தோல்வி. இரண்டாவது ஆட்டத்தை மறுநாள் முழுதாகப் பார்த்தேன். அதிலும் தோற்றார்கள்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். நூற்று அறுபத்திரண்டில் ஒன்று. அந்த நகரத்துச் சனமே பார்த்திருக்காத ஆட்டம்.

தொடர் இருபத்தொன்றில் நின்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில், மேற்குக் கரையில் ஒரு பழைய மைதானத்தில் வென்றார்கள். அந்த மைதானத்துக்கு அதுவே கடைசி ஆண்டு. அந்த ஊர் அணி வேறு இடத்துக்குப் போவதாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் என் ஆட்கள் கோப்பை வென்றவர்கள்போல ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். நான் சலவை அறையில் தனியாகக் கை தட்டினேன். மேல்வீட்டு சுவிஸ் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று கதவில் அப்பா கேட்டபோது "வெண்டிட்டினம்!" என்றேன். ஒரு சப்பாத்தோடு உள்ளே வந்துவிட்டார். இரண்டு நாளில் பயிற்சியாளரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"வெண்ட பிறகோ நிப்பாட்டினவை?" என்றார் அப்பா. "எங்கடை கிடங்கு மாதிரித்தான்."

செப்டெம்பரில் கணக்கு வெளியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்த நவீன காலத்தில் ஓர் அணி ஓர் ஆண்டில் ஆகக் கூடுதலாகத் தோற்றது நூற்று இருபது. அறுபது வருடத்துக்கு மேலாக நின்ற எண். என் ஆட்கள் அதை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே மாதத்தில் ஜப்பானிலிருந்து வந்த ஒருவர் ஒரே ஆண்டில் ஐம்பது ஹோம் ரன்களும், எறிபவர் அசந்த நேரம் அடுத்த மூலைக்கு ஓடிவிடும் மூலைத் திருட்டுகள் ஐம்பதும் செய்த முதல் மனிதரானார். ஐம்பதைத் தாண்டிய அன்று மட்டும் மூன்று ஹோம் ரன். என் கைப்பேசி ஒரு பகல் முழுவதும் அதிர்ந்தது. அதைப் பார்க்க மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது.

நூற்று இருபதைத் தொட்டார்கள். அடுத்த மூன்று ஆட்டமும் சொந்த மைதானத்தில். சனம் வந்திருந்தது, வரலாறு நடப்பதைப் பார்க்க. அணியின் முதலாளிக்கு எதிராகக் கத்தியது. என்ன நடந்தது? மூன்றையும் வென்றார்கள்! ஆண்டு முழுவதும் வெல்லத் தெரியாதவர்கள் தோற்றுக்காட்ட வேண்டிய நேரத்தில் வென்றார்கள். எனக்கு என்ன வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. தோற்றால் நான் பார்த்த அணி வரலாற்றில் போகும். வென்றால் அவர்களுக்கு ஒரு நாள் தப்பும். ரயிலில் எழுந்து நின்றே பார்த்தேன். ஓல்டனில் இறங்காமல் அடுத்த ஊரான ஆராவ் வரை போய்த் திரும்பினேன். அதே நாட்களில் மேற்குக் கரையில் அந்தப் பழைய மைதானம் மூடப்பட்டது. சனம் தரையின் மண்ணைக் குவளைகளில் அள்ளிக்கொண்டு போனதாகக் கனடாவிலிருந்து படம் வந்தது.

பிறகு வெளியூரில் நூற்று இருபத்தொன்று. அந்த வெற்றியோடு எதிரணி அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது. அவர்கள் துள்ள, என் ஆட்கள் பைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தின் அடியில் தோல்வி எண்ணிக்கையை எழுதப் போய்ப் பேனையை நிறுத்தினேன். அவர்களுக்கு நூற்று இருபத்தொன்று. என் கண்ணுக்கு நூற்று இருபதுதான். அதை அப்போதுதான் எண்ணினேன்.

நூற்று இருபத்தொன்று என்று எழுதினேன்.

கடைசி இரண்டு ஆட்டத்தையும் அவர்கள் வென்றார்கள், ஒன்றும் நடக்காததுபோல.

கொப்பிகள் மூன்று சேர்ந்திருந்தன. அக்டோபர் முதல் வாரம் அவற்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அக்காவின் இல்லத்துக்குப் போனேன். மழை. பின்பக்கத்தில் இருக்க முடியாது என்று வேலையாட்கள் சாப்பிடும் அறைக்குக் கூட்டிப்போனாள். வானொலிக்குப் பதில் சொல்ல இரண்டு வாரமும் இல்லை.

அக்கா கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கொப்பியைத் தொட்டாள். ஒரு பக்கத்தில் நின்று படிக்கவில்லை. சீட்டுக்கட்டை விரிப்பதுபோல மூன்று கொப்பிகளையும் வேகமாகத் தட்டினாள். பிறகு இரண்டாவதை எடுத்து மெதுவாகத் தட்டினாள். இரண்டு இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த ரெண்டும் பாக்காமல் எழுதினது."

"என்ன?"

"ஒரு வெட்டுக்கோடு இல்லை. ஒரே மை, ஒரே அழுத்தம். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் ஒரே கை. மற்றதெல்லாம் பாரடி, கோழி கிளறின மாதிரி. எங்கடை இடத்திலை ஆரும் பின்னேரம் இருந்து முழு நாளையும் ஒரேயடியா எழுதினால் தாள் இப்பிடித்தான் இருக்கும்."

நான் விரல்களைப் பார்த்தேன். முதல் விரல் நின்ற பக்கம் மே மாதத்து ஆட்டம். அதை நான் பந்துக்குப் பந்து பார்த்திருந்தேன். கோபம் வந்துவிட்டது.

"இது பொய்! இது நான் பாத்தது! லைப்ரரியிலை மேசையிலை வச்சு ஆறுதலா எழுதினது. ஒரு சிக்கலும் இல்லாத ஆட்டம், அதுதான் வெட்டு இல்லை. எனக்கு ஒவ்வொரு பந்தும் ஞாபகம். ஏழாவது இன்னிங்ஸிலை என்ன நடந்தது எண்டு கேள், சொல்லுறன். கேள்! நீ சும்மா கண்டபாட்டுக்குச் சொல்லாதை. மற்றதுதான்..."

நிறுத்தினேன். காலம் கடந்திருந்தது.

அக்கா கதிரையில் சாய்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், அடங்கவில்லை. "எனக்கு ரெண்டிலையும் பாதிச் சந்தேகம்தானடி. நீயே வந்து கையெழுத்துப் போட்டிட்டாய்."

"ஒண்டு அக்கா! நூற்றி அறுபத்திரண்டிலை ஒண்டு! தேருக்கு அடுத்த நாள். கை தூக்கேலாமல் கிடந்தனான். எண்களெல்லாம் சரி, வேணுமெண்டால் நெற்றிலை போட்டுப் பார்."

"எண்கள் சரியாத்தான் இருக்கும். இங்கையும் ஆக்கள் சரியான எண்தான் எழுதிறவை. நூற்றி இருபதுக்கு எண்பது எண்டு பிறஷர். மனிசியின்ரை கையைத் தொட்டிருக்கவே மாட்டினம்." சிரிப்பு நின்றிருந்தது. "அப்பாவோட நான் கதைக்கமாட்டன்."

"நூற்றி அறுபத்தொண்டு பாத்தனான்!"

"ஓம். நல்ல காரியம். நான் நினைச்சது முப்பதிலை விடுவாய் எண்டு. ஆனா நீ என்ன சொன்னனி? ஒண்டுகூட விடமாட்டன் எண்டு. நான் அவரிட்டைப் போய் 'முடிச்சவள் அப்பா' எண்டு சொல்லோணும். அதைச் சொன்னால் அது இந்தப் பக்கம் மாதிரி."

ஏதோ அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. அவள் கொப்பிகளை அடுக்கிப் பைக்குள் வைத்துத் தந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். குடையை விரிக்கும்போது பின்னால் இருந்து சொன்னாள்:

"ஞாயிறு காலமை அப்பா தனியத்தான் நடக்கப் போறவர். அந்த நேரத்திலை அவருக்கு ஒரு அவசரமும் இல்லை."

ஓல்டன் நிலையத்தில் இரண்டு ரயில்களை விட்டேன். முதலில் அக்காவின் மேல் கோபம், பிறகு தேரின் மேல், பிறகு அம்மா என் பெயரைக் கொடுத்ததன் மேல். மூன்றாவது ரயிலில் எல்லாம் தீர்ந்துபோய், ஒரு விஷயம் மட்டும் மிஞ்சியது. சட்டப் படிப்பை விட்டதையும் ஆசிரியப் பயிற்சியை விட்டதையும் அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை. அவர் முகம் எப்படி மாறியது என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு நாளும் நான் அறைக்குள் இருந்தேன், அக்கா அவரிடமிருந்து வந்து "சரி" என்றாள்.

முந்தாநாள் அந்த ஜூலை ஆட்டத்தைப் பார்த்து முடித்தேன். சலவை அறையில், முதல் பந்திலிருந்து. அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் மனம் மாறாது, மாற்றும் நோக்கமும் இல்லை. அலுப்பான ஆட்டம்தான். புதிய பக்கத்தில், ஆறாவது இன்னிங்ஸில் ஒரு கட்டத்தைப் பிழையாக எழுதி வெட்டினேன்.

இன்று சனிக்கிழமை. வானொலிக்குப் பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள். அம்மாவுக்கு இன்னமும் அது புள்ளியியல். நாளை காலை அப்பா எங்கள் ஊரின் நடுவே ஓடும் சிற்றாற்றங்கரையில் நடக்கப் போவார். கைகள் பின்னால், வேகமான நடை. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். நானும் வாறன் என்று சொல்லப்போகிறேன். ஏன் என்று நிச்சயம் கேட்பார், நான் ஞாயிறு எட்டு மணிக்கு எழும்பியதே இல்லை. போகும் வழியிலேயே சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழி அவருடையது. கோபிக்கவோ, கேள்வி கேட்கவோ, பேசாமல் நடக்கவோ அவருக்கு இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடமும் ஓடாமல், இடையில் புகுந்து கதைக்காமல், அவர் பக்கத்திலேயே நடந்து பார்க்கப்போகிறேன். மறுத்தால் என்ன செய்வது என்று தெரியாது. தொடங்குவது எப்படி என்பதை மட்டும் எழுதிப் பார்த்தேன், ஐந்து தரம். ஐந்தும் நீளம். இப்போது ஒன்று இருக்கிறது:

"அப்பா, படிப்பை நான் விடப்போறன். இந்த முறை நானே சொல்லுறன்."